வரைபடம் கற்றவருக்குப் பகுதிநேரப் படையில் இடம் உண்டா?

கேள்வி: எனக்கு வயது 29. சொந்த ஊர் உசிலம்பட்டி. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பொறியியல் படித்துவிட்டு, மதுரை இலந்தைக்குளத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளாக ஜி.ஐ.எஸ். (கணினி வழி வரைபடத் தரவு) பொறியாளராக இருக்கிறேன். என் பெரியப்பா மகன் அமெரிக்கக் குடிமகன். அங்கே ஒரு நகராட்சியில் வேலை பார்த்துக்கொண்டே, மாதம் ஒரு வார இறுதியில் நேஷனல் கார்டு என்னும் பகுதிநேரப் படைக்குச் சென்று ஜியோஸ்பேஷியல் இன்ஜினியராக, அதாவது வரைபடப் பொறியாளராகப் பணியாற்றுகிறார். நானும் வேலையை விடாமல் நம் நாட்டின் டெரிட்டோரியல் ஆர்மியில் அதே பணியைச் செய்ய முடியுமா? என் நிறுவனம் இதற்கு ஒத்துக்கொள்ளுமா? "நல்ல வேலையை விட்டுவிட்டுத் துப்பாக்கி தூக்கப் போகிறாயா?" என்று அம்மா அழுகிறார். மனைவி எதுவும் சொல்லவில்லை. தங்கள் ஆலோசனை வேண்டும். (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விருப்பங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சீருடை அணிந்து நாட்டுக்குப் பணியாற்ற வேண்டும் என்பது ஒன்று. படித்த வரைபடத் தொழிலை அந்தப் பணியிலேயே பயன்படுத்த வேண்டும் என்பது மற்றொன்று. உங்கள் அண்ணனுக்கு இவ்விரண்டும் ஒரே பணியில் வாய்த்திருக்கின்றன. இங்கே பகுதிநேரப் படைப்பணியில் அவை அப்படிச் சேர்ந்து கிடைப்பதில்லை. ராணுவப் பொறியாளர் படையில் நில அளவைத் தொழிலில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது மதுரையில் இளைஞர்களுக்கு அதே தொழிலைக் கற்பித்துக்கொண்டிருப்பவன் நான். அந்த அனுபவத்தில், இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் உங்களுக்கு நல்லது என்று கருதுகிறேன். உங்களைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. எதற்காகச் சேர்கிறோம் என்று தெரிந்து சேர்ந்தவர்களே அங்கே நிலைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அண்ணனின் பணியை முதலில் பார்ப்போம். அமெரிக்கத் தரைப்படையில் ஜியோஸ்பேஷியல் இன்ஜினியர் என்பது 12-ஒய் என்ற குறியீடு கொண்ட தனித்தொழில். நேஷனல் கார்டு, ரிசர்வ் ஆகிய பகுதிநேரப் படைகளிலும் அந்தத் தொழிலுக்கென்று இடங்கள் உண்டு. மாதம் ஒரு வார இறுதி, ஆண்டுக்கு இரண்டு வாரம் என்பது அங்குள்ள பொது வழக்கம். ஆனால் அந்த வழக்கத்துக்குள் நுழைவதற்கு முன் அவர் அடிப்படைப் பயிற்சியையும், அதன் பிறகு மிசௌரி மாநிலத்தின் ஃபோர்ட் லெனர்ட் வுட் பொறியாளர் பள்ளியில் பல மாதத் தொழிற்பயிற்சியையும் முடித்திருப்பார். ரகசியத் தகவல்களைக் கையாளும் தொழில் என்பதால் பின்னணிச் சோதனையும் குடியுரிமையும் கட்டாயம். ஆகவே வார இறுதி வேலை என்று அவர் வீட்டில் சொல்வது அந்தப் பணியின் மேற்பரப்பு மட்டுமே. அவரும் முதலில் துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்டுதான் கணினியின் முன் அமர்ந்திருக்கிறார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். டெரிட்டோரியல் ஆர்மி என்று எல்லோரும் சொல்லும் பிராந்திய ராணுவம் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது; 1949 அக்டோபர் 9 அன்று அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி அதைத் தொடங்கிவைத்தார். அதன் பெரும்பகுதி காலாட்படைப் பட்டாலியன்கள். நம் மாநிலத்தில் கோயம்புத்தூரில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 110-ஆவது பட்டாலியன் அவற்றுள் ஒன்று. இவற்றைத் தவிர ரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள் போன்றவற்றின் ஊழியர்களைக் கொண்டே அமைந்த துறைசார் பிரிவுகளும், மரம் நட்டு மலைகளை மீட்கும் சுற்றுச்சூழல் பட்டாலியன்களும் உண்டு. வேலையில் இருக்கும் பட்டதாரிகளுக்காக நடக்கும் அதிகாரித் தேர்வில் வரைபடப் பொறியாளர் என்று தனியாக ஆள் எடுப்பதில்லை. அண்மையில் சீன மொழி அறிந்த சிலரைப் பிராந்திய ராணுவத்தின் வழியாக எடுத்தார்கள் என்பது உண்மை. அதை வைத்து நாளை ஜி.ஐ.எஸ். படித்தவர்களையும் அப்படி எடுப்பார்கள் என்று நம்பி ஆண்டுகளைக் கழிக்க வேண்டாம். நீங்கள் தேர்வானால் காலாட்படை அதிகாரியாகத்தான் நிற்பீர்கள். உங்கள் வரைபட அறிவு உங்களோடு கூடவே வரும் திறமையாக இருக்கும்.

முழுநேர ராணுவத்தில் இத்தொழிலுக்கென்றே வழிகள் இருக்கின்றன. பொறியாளர் படையில் ஹவில்தார் நிலையில் சர்வேயர் ஆட்டோமேட்டட் கார்ட்டோகிராபர் என்ற பணிக்குக் கணிதம் படித்தவர்களை எடுக்கிறார்கள்; அதற்கு வயது வரம்பு 25. பொறியியல் பட்டதாரிகளுக்கான குறுகிய கால அதிகாரிப் பணிக்கு வயது வரம்பு 27. உங்களுக்கு இவ்விரண்டு கதவுகளும் மூடிவிட்டன. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. நம் பகுதியில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படிக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு வழி இருப்பதைக் கல்லூரியில் யாரும் சொல்வதில்லை. தெரிய வரும்போது வயது கடந்துவிடுகிறது. உங்கள் தெருவில் இருபது வயதுப் பிள்ளைகள் யாராவது இதே படிப்பில் இருந்தால் அவர்களிடம் இன்றே சொல்லுங்கள்.

பிராந்திய ராணுவ அதிகாரிக்கு வயது 18 முதல் 42 வரை. ஆகையால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. பட்டப்படிப்பும், சொந்த வருமானம் தரும் ஒரு வேலையோ தொழிலோ வேண்டும். அம்மாவின் அச்சத்துக்கு இதிலேயே ஒரு பதில் இருக்கிறது: வேலையை விட்டால் இந்தப் படையில் சேரவே முடியாது, வேலையில் இருப்பதுதான் முதல் தகுதி. எழுத்துத் தேர்வில் ரீசனிங், கணக்கு, பொது அறிவு, ஆங்கிலம் ஆகிய நான்கும் இருக்கும். அதைக் கடந்தவர்கள் முதற்கட்ட நேர்முகத்துக்கும், பிறகு எஸ்.எஸ்.பி. என்னும் ஐந்து நாள் தேர்வுக்கும், கடைசியாக மருத்துவப் பரிசோதனைக்கும் செல்வார்கள். அண்மை ஆண்டு அறிவிக்கைகளில் நாடு முழுவதற்குமான இடங்கள் இருபதைத் தாண்டவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போட்டி அவ்வளவு கடுமையானது. எஸ்.எஸ்.பி.யில் குழுத் திட்டமிடல் என்று ஒரு பகுதி உண்டு. நிலப்பரப்பின் மாதிரியை முன்னால் வைத்து, ஒரே நேரத்தில் வந்து சேரும் பல சிக்கல்களை எந்த வரிசையில், எந்த வழியில் சென்று தீர்ப்பீர்கள் என்று கேட்பார்கள். தூரத்தையும் நேரத்தையும் வைத்துச் சிந்திக்கப் பழகிய உங்களுக்கு அங்கே ஓரளவு கை ஓங்கியிருக்கும். மற்ற இடங்களில் எல்லோரையும் போலத்தான்.

நிறுவனம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கை வெளிப்படையாகப் போட்டுப் பாருங்கள். முதல் ஆண்டில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி. அந்த ஆண்டும் சேர்த்து ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மாதப் பயிற்சி முகாம். முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் டேராடூனில் மூன்று மாதப் பயிற்சி. ஆக, முதல் இருபத்து நான்கு மாதங்களில் எட்டு மாதங்கள் நீங்கள் மேசையில் இருக்க மாட்டீர்கள். மாதம் ஒரு சனி ஞாயிறு என்று நினைத்து மேலாளரிடம் பேசப் போனால் முதல் ஆண்டிலேயே மனக்கசப்பு வந்துவிடும். பயிற்சியிலும் படைப்பணியிலும் இருக்கும் நாட்களுக்கு முழுநேர ராணுவ அதிகாரிக்குரிய ஊதியமே கிடைக்கும். லெப்டினன்ட் நிலையில் அடிப்படை ஊதியம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. வீட்டில் இருக்கும் மாதங்களுக்கு ராணுவ ஊதியம் இல்லை. ஓய்வூதியத்துக்கும் உறுதி கிடையாது. படையில் உண்மையில் பணியாற்றிய காலம் போதிய அளவு சேர்ந்தால்தான் அது கிடைக்கும்.

சட்டம் உங்களுக்குத் துணை நிற்கிறது. பிராந்திய ராணுவச் சட்டத்தின் 7-ஏ பிரிவின்படி, படைப்பணிக்கு அழைக்கப்பட்ட ஊழியரைத் திரும்பி வந்ததும் முன்பிருந்ததற்குக் குறையாத நிலையில் வேலையில் அமர்த்திக்கொள்வது முதலாளியின் கடமை. எனினும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்க வேண்டாம் என்பது என் எண்ணம். விண்ணப்பிப்பதற்கு முன்பே மனிதவளத் துறையிடம் இந்த எட்டு மாதக் கணக்கைக் காட்டி, ஊதியமில்லா விடுப்பு, உங்கள் திட்டப்பணியை யார் பார்ப்பது, திரும்பி வரும்போது எந்தப் பொறுப்பு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் தரவைக் கையாளும் நிறுவனமாக இருந்தால், ஊழியர் ஒப்பந்தத்தில் வேறு பணியை ஏற்பது பற்றி ஒரு விதி இருக்கக்கூடும். அதையும் ஒருமுறை வழக்கறிஞரிடம் காட்டிப் படியுங்கள்.

அம்மாவிடம் எதையும் மறைக்காதீர்கள். ஆம், துப்பாக்கி தூக்க வேண்டியிருக்கும். பிராந்திய ராணுவம் அணிவகுப்புக்கு மட்டும் உள்ள படை அன்று. 1962, 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்களில் அது அழைக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் மத்திய அரசு வெளியிட்ட ஆணை, தேவைப்பட்டால் பிராந்திய ராணுவத்தினரைப் பணிக்கு அழைக்கும் அதிகாரத்தைத் தரைப்படைத் தளபதிக்கு அளித்தது. 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14-ஐ அப்படிப் பணியில் அமர்த்த அதில் இடம் தரப்பட்டது. ஆகவே அழைப்பு வரும் என்று எண்ணித்தான் சேர வேண்டும். வராது என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தால் அது பொய்யாகும். மனைவி எதுவும் சொல்லவில்லை என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் அந்த வரியில்தான் நெடுநேரம் நின்றேன். எட்டு மாதங்களையும் தனியாகச் சுமக்கப்போகிறவர் அவர். அவர் வாய்விட்டுச் சொல்லும் வரை விண்ணப்பத்தை நிரப்பாதீர்கள்.

இனி உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுகிறேன். படையில் வரைபடக்காரன் செய்யும் வேலை கணினித் திரையில் கோடு வரைவதோடு முடிந்துவிடுவதில்லை. தளபதி கேட்கும் கேள்வி எப்போதும் மண்ணைப் பற்றியது: இந்த வழியாக லாரி போகுமா, மழை பெய்த பிறகும் போகுமா, அந்த மேட்டில் நின்றால் எதுவரை தெரியும், ஹெலிகாப்டர் எங்கே இறங்கலாம், பாலம் எத்தனை டன் தாங்கும். சரிவு, மண், மரம், நீர், சாலை என்ற ஐந்து அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, போகலாம், மெதுவாகப் போகலாம், போகவே முடியாது என்று நிலத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டுவதுதான் இத்தொழிலின் இதயம். உங்கள் அண்ணன் அமெரிக்காவில் செய்வதும் இதுவே. காலாட்படை அதிகாரியாக நீங்கள் போனால், அந்தக் கேள்வியைக் கேட்பவரும் நீங்கள், பதில் தப்பினால் சேற்றில் நிற்கப்போகிறவரும் நீங்கள். நிலத்தை அறிந்த ஒருவருக்கு இதைவிடக் கடுமையான பயிற்சி கிடைக்காது.

நம் நாட்டு நில அளவையின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன் 33-ஆவது காலாட்படைப் பிரிவின் அதிகாரி. தென்னாட்டுக் கோபுரங்களின் உச்சியில் தியோடலைட் என்னும் கோணம் அளக்கும் கருவியை ஏற்றி அவர் கோணம் பார்த்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி நசுங்கியது. அவர் அதைத் தூக்கி எறிந்துவிடவில்லை; கூடாரத்துக்குள் அமர்ந்து வளைந்த வட்டத்தைத் தம் கையாலேயே பல வாரங்கள் தட்டிச் சீராக்கினார். 1821-இல் வெள்ளகவி வழியாகக் கொடைக்கானல் மலைக்கு ஏறி அளந்த வார்டு என்பவரும் ஒரு லெப்டினன்ட். படையணியில் நடந்து பழகிய கால்களே இந்த நாட்டின் முதல் வரைபடங்களை வரைந்தன.

லாம்டன் தொடங்கிக் குமரியிலிருந்து இமயம் வரை அளக்கப்பட்ட பெரும் வில் என்னும் அந்த அளவைக் கோடு ஏறத்தாழ 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டிச் செல்கிறது. அந்தத் தீர்க்கரேகை உங்கள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஓடுகிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? உலகை நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்து இடங்களை மீட்டரில் குறிக்கும் யூ.டி.எம். முறையில், உசிலம்பட்டி அதன் மேற்கே 43-ஆம் மண்டலத்தில் இருக்கிறது. மதுரை அதன் கிழக்கே, 44-ஆம் மண்டலத்தில். நில அளவைத் துறை வரைபடத் தாள்களின் பழைய எண் முறையில் உங்கள் வீடு 58 ஜி/13 என்ற தாளிலும், இலந்தைக்குளம் 58 கே/1 என்ற தாளிலும் விழும். செக்கானூரணியைத் தாண்டிப் பேருந்து வரும்போது தினமும் இரண்டு முறை நீங்கள் மண்டலம் மாறுகிறீர்கள். எல்லையில் நிற்கும் ஒரே புளியமரத்துக்கு 43-ஆம் மண்டலத்தில் கிழக்கு நோக்கி அளக்கும் தூரம் ஏறத்தாழ 8,29,000 மீட்டர்; 44-ஆம் மண்டலத்தில் 1,71,000 மீட்டர். இரண்டு மண்டலங்களின் கட்டக்கோடுகளும் அங்கே ஒன்றுக்கொன்று ஏறத்தாழ ஒரு பாகை சாய்ந்து நிற்கும். அலுவலகத்தில் மென்பொருள் இதைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடும். இருட்டில் காகித வரைபடமும் காந்த ஊசியும் கையில் இருக்கும்போது சரிசெய்ய வேண்டியவர் நீங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், தென்னிந்தியாவில் நடந்த ஒரு பயிற்சிக்கு நான் வழித்தாள் தயாரித்தேன். அடிப்படைத் தாள், பூமியின் வடிவத்துக்குப் பழைய கணக்கான எவரெஸ்ட் நீள்கோளத்தில் இருந்தது; ரோந்துக் குழுவின் கையில் இருந்த ஜி.பி.எஸ். கருவி புதிய கணக்கான டபிள்யூ.ஜி.எஸ்.-84 முறையில் காட்டியது. இவ்விரண்டுக்கும் நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் வேறுபாடு வரும். அதை நான் பாடமாகப் படித்திருந்தேன். தாளின் ஓரத்தில் எழுத மறந்துவிட்டேன். எட்டுப் பேர் ஒரு காட்டாற்றின் தவறான கரையில் விடியும் வரை மழையில் காத்திருந்தார்கள். யாருக்கும் காயம் இல்லை, அது பயிற்சிதான். காலையில் அவர்களின் முகத்தைப் பார்த்தபோது, ஒரு வரி எழுதாமல் விட்டதன் எடை எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு எந்தத் தாளிலும் அடித்தளமும் (எந்த நீள்கோளக் கணக்கு என்பது) மண்டலமும் எழுதாமல் நான் கையொப்பம் இட்டதில்லை.

ஆகவே நான் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். படையில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் இதைச் செய்யுங்கள். செக்கானூரணியிலிருந்து கள்ளிக்குடி வரை உள்ள நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தார்ச்சாலையைத் தொடாமல் நடந்து போகும் ஒருவர், ஒரு டிராக்டர், பாரம் ஏற்றிய ஒரு லாரி ஆகிய மூவரும் எந்த வழியாகப் போகலாம் என்று ஒரே தாளில் வரையுங்கள். முதலில் அலுவலகத்தில் செய்வதைப் போலவே செயற்கைக்கோள் படத்தையும், இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும், 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற உயரத் தரவையும் வைத்து வரைந்து முடியுங்கள். பிறகு அதை எடுத்துக்கொண்டு கோடையில் ஒருமுறையும், ஐப்பசி மழைக்குப் பின் ஒருமுறையும் அந்த நிலத்தில் போய் நில்லுங்கள்.

என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். படத்தில் பசுமையாகத் தெரிந்ததைத் தோப்பு என்று குறித்திருப்பீர்கள். போய்ப் பார்த்தால் அது சீமைக் கருவேலம் அடர்ந்த கண்மாய் உள்வாய். மனிதன் குனிந்துகூடப் போக முடியாது. டிராக்டர் டயரில் முள் ஏறும். அந்த உயரத் தரவில் கண்மாய்க் கரை தெரியவே தெரியாது. ஆனால் நிலத்தில் அந்தக் கரைதான் மழைக்காலத்தில் காய்ந்து கிடக்கும் ஒரே பாதை. அதன் மேல் டிராக்டர் போகும். லாரி போனால் கலுங்கு அருகே கரை சரியலாம். திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் மண் தொடங்கும் இடத்தை எந்தப் படமும் உங்களுக்குக் கோடு போட்டுக் காட்டாது. கோடையில் அந்த மண் வெடித்துக் கிடக்கும், சக்கரம் தாராளமாகப் போகும். ஒரு மழை பெய்துவிட்டால் செருப்போடு நடக்க முடியாமல் காலைப் பிடித்து இழுக்கும். அதே மழையில் மேலூர்ப் பக்கத்துச் செம்மண் சில மணி நேரத்தில் வண்டியைத் தாங்கும். இந்த வேறுபாட்டை ஒரு மண் வரைபடத்திலிருந்து படிப்பது வேறு. டிராக்டர் ஓட்டும் ஒருவரிடம், எத்தனை நாள் காய்ந்தால் இதில் இறங்குவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வது வேறு. மடையைத் திறந்து மூடும் நீர்ப்பாய்ச்சியிடம் பேசுங்கள். எந்த மாதத்தில் எந்த வயலில் தண்ணீர் நிற்கும் என்று அவர் சொல்வதை எந்தச் செயற்கைக்கோளும் சொல்லாது.

இப்படித் திருத்திய தாளில்தான் நீங்கள் ராணுவப் பொருளில் வரைபடப் பொறியாளராகத் தொடங்குவீர்கள். இந்த அறிவுக்குச் சீருடை இல்லாமலும் தேவை இருக்கிறது. 2024 அக்டோபரில் மதுரை செல்லூர்ப் பகுதிக்குள் மழைநீர் புகுந்தபோது, எந்தத் தெருவில் இடுப்பளவு, எந்தத் தெரு வழியாக வண்டி போகும், பந்தல்குடிக் கால்வாய் எங்கே அடைத்திருக்கிறது என்பதுதான் அப்போதைய கேள்வி. அது நான் மேலே சொன்ன, நிலத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டும் தாளேதான். மாவட்டப் பேரிடர் மேலாண்மையில் ஆப்த மித்ரா தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். ஊர்க்காவல் படையும் பகுதிநேரப் பணிதான். பிராந்திய ராணுவத்தில் இடம் கிடைக்காவிட்டால் அங்கே செல்வதைக் குறைவாக நினைக்க வேண்டாம். தேர்வு முடிவு வரும் வரை காத்திருக்கும் ஆண்டுகளிலும் அங்கே பணியாற்றலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரியில் வந்த புதிய வழிகாட்டு நெறிகள் வரைபடத் தரவைப் பெரிய அளவில் திறந்துவிட்டன. இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமல் நுட்பமான தரவைச் சேகரிக்கலாம். கிடைமட்டத்தில் ஒரு மீட்டர், உயரத்தில் மூன்று மீட்டர் என்ற எல்லையைவிட நுட்பமானவை மட்டும் வெளிநாட்டு நிறுவனங்களின் கைக்குப் போகக் கூடாது. ஐந்து ஆண்டுகளாக இந்தத் தாராளத்திலேயே வளர்ந்த உங்களுக்கு, தரவு என்றால் பகிர்வதற்கு என்ற பழக்கம் ஊறியிருக்கும். படையில் அந்தப் பழக்கம் ஆபத்து. 2017-இல் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி உலகமெங்கும் பயனர்கள் ஓடிய தடங்களை ஒரே வரைபடமாக வெளியிட்டது. பாலைவனத்தின் நடுவே இருந்த ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் அதில் ஒளிர்ந்து தெரிந்தன. யாரும் உளவு பார்க்கவில்லை. வீரர்கள் காலையில் ஓடினார்கள், அவ்வளவுதான். முகாமில் எடுத்த ஒரு படத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆயத்தொலைவு எதையெல்லாம் சொல்லிவிடும் என்பது உங்களுடன் சேரும் மற்ற அதிகாரிகளைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் உங்கள் பொறுப்பும் அவர்களுடையதைவிடக் கூடுதல். அலுவலகக் கணினியையும் படைப்பணியையும் எந்தச் சூழ்நிலையிலும் கலக்காதீர்கள். 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் பகுதிநேர அதிகாரி என்று சலுகை காட்டாது.

செய்ய வேண்டியவற்றின் வரிசை இப்போது உங்களுக்குத் தெளிவாகியிருக்கும் என்று நம்புகிறேன். மனைவியிடம் பேசுங்கள், பிறகு அம்மாவிடம், அதன் பிறகே மேலாளரிடம். காலையில் ஓடத் தொடங்குங்கள், ஏனெனில் ஐந்து ஆண்டுகள் நாற்காலியில் இருந்த உடம்பு எஸ்.எஸ்.பி.யின் தடைகளுக்கு முன்னால் திடீரென்று எழுந்து நிற்காது. ஆங்கில நாளிதழ் ஒன்றைத் தினமும் படியுங்கள். அறிவிக்கை வந்த அன்றே விண்ணப்பிக்க, வருமானச் சான்றும் பட்டச் சான்றும் தயாராக இருக்கட்டும்.

செக்கானூரணி முதல் கள்ளிக்குடி வரையிலான அந்தத் தாளை ஐப்பசி மழைக்குப் பின் திருத்தி முடித்ததும் இந்தப் பகுதியின் முகவரிக்கே எனக்கு அனுப்பிவையுங்கள். முதலில் வரைந்ததையும் திருத்தியதையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டின் ஓரத்திலும் அடித்தளமும் மண்டலமும் எழுதியிருக்க வேண்டும். சிவப்பு மையில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.